வாட்ச் நைட்டுக்குத் தனியாகப் போன கதை

போன டிசம்பர் கடைசியில் நான் தனியாகப் போய்வந்த ஒரு பயணத்துக்கு மொத்தம் 742 டாலர் செலவானது. அதில் 228 டாலர் சுத்தத் தண்டம். பணம் போனால் போகட்டும், திரும்பி வந்த பிறகு இரண்டு வாரம் ஒழுங்காகத் தூக்கமில்லை, ஆபீசில் யாரோடும் சரியாகப் பேச்சில்லை. கிளம்பும் முன் யாராவது ஒருவர் பத்து நிமிஷம் உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதியைத் தவிர்த்திருக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள், அதிலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள், என்றாவது ஒருநாள் கறுப்பின மக்களின் சபைக்கு அழைக்கப்படுவீர்கள். அப்போது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். டிசம்பர் 31 ராத்திரி என்றால் எங்களுக்கு வாட்ச் நைட். புதுச் சட்டை, பாட்டு, பிரசங்கம், பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி, ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டை, வீட்டுக்கு வந்து கேக். போன வருஷம் மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். கூட வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஒருவர், "எங்கள் ஊர் சபையிலும் வாட்ச் நைட் உண்டு, என்னோடு வா" என்றார். அவர் ஊர் ஜார்ஜியாவின் கடலோரத்தில், சவானாவுக்குத் தெற்கே, டேரியன் பக்கம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய அம்மாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "நீ மட்டும் போய்ட்டு வா, எங்கள் பெரியம்மாவிடம் சொல்லி வைக்கிறேன்" என்றார். வாட்ச் நைட்தானே, நமக்குத் தெரியாததா என்று நானும் கிளம்பிவிட்டேன். முதல் தப்பு அதுதான்.

எனக்குத் தெரிந்த வாட்ச் நைட் மொரேவியர்கள் என்ற ஐரோப்பியச் சபையார் தொடங்கி, ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் வழியாகப் பரவியது. அவர்களுக்கும் வேர் அதுதான். ஆனால் அவர்களுடைய டிசம்பர் 31க்குள் இன்னொரு டிசம்பர் 31 இருக்கிறது. 1863 ஜனவரி 1 முதல், கிளர்ச்சி செய்த மாநிலங்களில் இருக்கும் அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் அறிவித்திருந்தார். அதற்கு முந்தின இரவு, 1862 டிசம்பர் 31, வடக்கே சர்ச்சுகளிலும் தெற்கே மறைவான இடங்களிலும் கூடி விடியும் வரை காத்திருந்தார்கள். 'விடுதலைக்கு முந்தின இரவு' என்றே அதற்குப் பெயர். இதையும் விடக் கசப்பான ஒன்று உண்டு. அதற்கு முன்பெல்லாம் ஜனவரி 1 வாடகை நாள். எஜமானர்கள் கடன் கணக்கு முடித்து, ஆட்களை வேறு பண்ணைகளுக்கு ஒரு வருஷ வாடகைக்கு அனுப்புவதும் விற்பதும் அன்றுதான். 'நெஞ்சு உடையும் நாள்' என்று அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரவில் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை மறுநாள் இருக்குமா என்பது தெரியாது. நான் புதுச் சட்டை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட ஓர் இரவுக்கு.

29ஆம் தேதி சவானா போய்ச் சேர்ந்தேன். நாலு மணி நேர ஓட்டம். அங்கே பிராங்க்ளின் சதுக்கத்தில் இருக்கும் பர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் ஆலயத்தை மறுநாள் பார்த்தேன். போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். 1859இல் கட்டி முடித்த கட்டடம். பகலெல்லாம் எஜமானுக்கு உழைத்தவர்கள் ராத்திரியில் வந்து கட்டியது. கீழ்த்தளத்தின் மரத்தரையில் வட்டமாகவும் குறுக்காகவும் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். பார்த்தால் கோலப்புள்ளி மாதிரி இருக்கிறது. காங்கோ நாட்டு வழிபாட்டுச் சின்னம் அது என்றும், தரைக்கு அடியில் ஒளிந்திருந்த தப்பியோடிகளுக்கு மூச்சுவிடப் போட்ட துளைகள் என்றும் சபையார் சொல்கிறார்கள். நான் குனிந்து ஒரு ஓட்டைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

அதே 1859, மார்ச் 2, 3. அதே ஊரின் குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்த ஏலத்தை 'அழுகைக் காலம்' என்கிறார்கள். பியர்ஸ் பட்லர் என்ற பண்ணைக்காரர் கடனில் மூழ்கினார். கடனை அடைக்க அவர் பங்குக்கு வந்த மனிதர்களை விற்றார். ஏலப் பட்டியலில் 436 பேர். பெயர், வயது, என்ன வேலை தெரியும் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். இரண்டு நாளும் விடாமல் மழை. கிடைத்த தொகை மூன்று லட்சம் டாலருக்கு மேல். அந்த 436 பேரும் வந்தது டேரியனை ஒட்டிய பட்லர் தீவின் நெல் வயல்களிலிருந்தும், பக்கத்து செயின்ட் சைமன்ஸ் தீவிலிருந்தும். அதாவது, நான் மறுநாள் ராத்திரி போய் உட்காரப் போகிற ஊரிலிருந்து. இதை ஒரு பலகையில் படித்தபோது கூட எனக்கு உறைக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, மதியம் என்ன சாப்பிடலாம் என்று யோசித்தேன். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

மதியத்துக்கு மேல் முதல் தண்டச் செலவு. ஆன்லைனில் 48 டாலர் கட்டி ஒரு பழைய பண்ணை மாளிகையின் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்திருந்தேன். பெயர் வேண்டாம். ஓக் மரங்கள், சரவிளக்கு, சீமாட்டியின் பியானோ, எந்தப் படம் எங்கே எடுத்தார்கள் என்று ஒன்றரை மணி நேரம். உழைத்தவர்களைப் பற்றி ஒரே வாக்கியம், அதிலும் 'வேலையாட்கள்' என்றார் வழிகாட்டிப் பெண். வெளியே புல்வெளியில் யாருக்கோ கல்யாண நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன், பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் அவர்கள் எழுதி வைத்திருக்கும் விவரத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே அடிமையாக இருந்தவர்களின் பெயர்கள், குடிசைகள் பற்றி ஏதாவது இருக்கிறதா, இல்லை வீட்டு அலங்காரமும் தோட்டமும்தானா? தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கம் மெக்லியாட், லூசியானாவில் விட்னி என்ற இரண்டு பண்ணைகளிலும் அடிமைகளின் வாழ்க்கையைத்தான் முன்வைத்துச் சொல்கிறார்கள். காசு கொடுத்தால் அதற்குக் கொடுக்கலாம்.

31ஆம் தேதி காலையில் அறையைக் காலி செய்தேன். அன்றைக்கும் ஒரு ராத்திரிக்கு ரூம் போட்டிருக்க வேண்டும். நம் ஆராதனை பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும், நேரே அட்லாண்டா கிளம்பிவிடலாம், 120 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு எங்கே போய் முடிந்தது என்று பிறகு சொல்கிறேன். டேரியனைத் தாண்டிப் பழைய நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு செங்கல் புகைபோக்கி தன்னந்தனியாக நிற்கிறது. பட்லரின் அரிசி ஆலை இருந்த இடம். சுற்றிலும் சதுப்பும் பழைய வரப்புகளும். எங்கள் ஊர்ப்பக்கத்து வயல்வெளி மாதிரியே இருந்ததால் வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைத்த கைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள் என்பதை அங்கே நின்று வரப்பைப் பார்த்தால்தான் புரிகிறது.

ராத்திரி ஒன்பதரைக்கு சபை வாசலில் போய் நின்றேன். சின்ன வெள்ளைக் கட்டடம், சுற்றிலும் இருட்டு. முதுகில் லேப்டாப் பை, ஜீன்ஸ், மேலே ஒரு ஜாக்கெட். வாசலில் நின்ற இரண்டு பேர் என்னை நிறுத்தினார்கள். பெயர், எங்கிருந்து வருகிறேன், யாரைத் தெரியும். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. 'சர்ச்சுக்கு வந்தவனைப் போய் இப்படியா' என்று மனதுக்குள் பொருமினேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சார்ல்ஸ்டன் அங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவுகூட இல்லை. 2015 ஜூன் 17 அன்று அங்கே இமானுவேல் ஏ.எம்.இ. என்ற கறுப்பின மெதடிஸ்ட் சபையின் புதன்கிழமை வேதபாடத்துக்கு முன்பின் தெரியாத வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் தனியாக வந்தான். பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தான். கண்மூடி ஜெபித்தபோது சுட்டான். பாஸ்டரோடு சேர்த்து ஒன்பது பேர். அந்த சபைக்கு அது முதல் அடியும் இல்லை. 1822இல் டென்மார்க் வீசி என்ற கறுப்பினத் தலைவர் போட்ட அடிமைகள் கிளர்ச்சித் திட்டம் வெளிப்பட்டபோது அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஆலயத்தை இடித்தார்கள், பிறகு கறுப்பின சபைகளுக்கே தடை வந்து 1865 வரை மறைவில்தான் ஆராதனை. ஆக, முன்பின் தெரியாத ஆம்பிளை ராத்திரியில் முதுகில் பையோடு தனியாக வந்தால் நிறுத்திக் கேட்கத்தான் செய்வார்கள். பையை வண்டியிலேயே வையுங்கள். இரண்டு நாள் முன்பே சபைக்குப் போன் செய்து இன்னார் வருகிறேன் என்று சொல்லுங்கள். கூட்டிப் போகிறேன் என்றவர் வரமுடியாவிட்டால், அவர் இடத்தில் வேறொருவரை வாசலில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. உடையைப் பொறுத்தவரை, அங்கே நான் ஒருவன்தான் ஜீன்ஸ். எழுபது வயதுத் தாத்தா கோட்டு, டை, பளபளவென்று ஷூ. வெள்ளைக் கையுறை போட்ட அஷர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார், அது அதைவிடச் சங்கடம்.

பாட்டு தொடங்கியது. யார் கையிலும் புத்தகம் இல்லை. ஒரு டீக்கன் எழுந்து ஒரு வரியை வேகமாகச் சொல்கிறார். சபை அந்த ஒரு வரியையே எடுத்து இழுத்து இழுத்து, அலை கரையேறுகிற மாதிரி முனகலோடு பாடுகிறது. ஒரு வரி முடிய ஒரு நிமிஷம் ஆகும். ஜார்ஜியாவில் 1829ஆம் வருஷச் சட்டப்படி அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றம். அதனால் வரியைச் சொல்லக் கேட்டுத்தான் பாடினார்கள். இன்று எல்லோருக்கும் படிக்கத் தெரியும், இருந்தும் அப்படியே வைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டி ஒப்பாரி வைக்கும்போது கடைசி எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டே மூச்சு வாங்குவாள், அந்தச் சத்தம். எனக்குத் தொண்டை அடைத்தது. டிஷ்யூ பையில் இருந்தது, பையை வாசலிலேயே விட்டிருந்தேன்.

அப்புறம் அந்தச் சம்பவம். வந்திருக்கும் விருந்தாளிகள் எழுந்து பெயரும் சபையும் சொல்லச் சொன்னார் பாஸ்டர். நான் ஒருவன்தான். நம் ஊரில் ஜெபம் பண்ணச் சொன்னால் 'உமது அடிமையாகிய நான்' என்றுதானே வாயில் வரும்? நம் வேதாகமத்தில் மரியாளே 'இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை' என்றுதான் தேவதூதனிடம் சொல்கிறாள். அது தாழ்மை, அது அழகு. அதை அப்படியே ஆங்கிலத்தில் ஆக்கி, பணிவு காட்டுகிறேன் என்று, 'நான் நம் மாஸ்டரின் ஒரு சாதாரண ஸ்லேவ்' என்று சொல்லிவிட்டேன். இரண்டு வார்த்தையும் ஒரே வாக்கியத்தில். அந்த ஊரில். அந்த ராத்திரியில்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவுமில்லை. அதுவரை ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ஆமென்', 'ம்ம்', 'சொல்லுங்க' என்று பதில் கொடுத்துக்கொண்டிருந்த சபை கப்பென்று நின்றது. விசிறிகள்கூட நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. பாஸ்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "வரவேற்கிறோம், பிரதர்" என்றார், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். காது சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியம்மா, நண்பரின் பெரியம்மா அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது, என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நம் பக்தி மொழியை அங்கே மொழிபெயர்க்காதீர்கள். பெயர், ஊர், 'அழைத்ததற்கு நன்றி' போதும். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் எங்காவது இடிக்கும்.

அடுத்தது பெயர் சொல்வது. ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் குடும்பத்தில் தெரிந்த மிகப் பழைய முன்னோர் ஒருவரின் பெயரைச் சொல்கிறார்கள். சபை 'ஆமென்' என்கிறது. சிலர் இரண்டு தலைமுறை, சிலர் மூன்று. அதற்கு மேல் போவது கஷ்டம். காரணம் 1870. அந்த வருஷக் கணக்கெடுப்பில்தான் அடிமையாக இருந்தவர்களைப் பொதுவாக முதன்முறை பெயரோடு எழுதினார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்குத் தனித் தாள். எஜமானின் பெயர், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் இல்லை. வம்சம் தேடுகிறவர்கள் இதை '1870 சுவர்' என்கிறார்கள். ஒரு நடுத்தர வயதுக்காரர் எழுந்து, "பெண், வயது 34" என்றார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. அதற்கும் ஆமென் சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொன்னதைவிடச் சத்தமாக.

பெயரைச் சபையில் உரக்கச் சொல்வது அவர்களுக்குப் புதிதில்லை. விடுதலைக்குப் பிறகு, விற்கப்பட்டுப் பிரிந்த தாயையும் பிள்ளையையும் அண்ணன் தங்கையையும் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார்கள். நியூ ஆர்லியன்சில் ஒரு மெதடிஸ்ட் பத்திரிகை 1870களின் கடைசியில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, பாஸ்டர்கள் அதைப் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. படிக்கத் தெரியாத ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இன்றைக்காவது என் பெயர் வருமா என்று காது கொடுத்திருப்பாள். இதை எழுதும்போதும் எனக்கு ஒருமாதிரிதான் இருக்கிறது. என் முறை வந்தபோது நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டேன். ஏற்கெனவே ஒருமுறை வாயைத் திறந்தது போதும். ஆனால் மனதுக்குள் எண்ணினேன். அப்பா, தாத்தா, பூட்டன், ஓட்டன், அதற்கும் மேலே ஞானஸ்நானம் வாங்கிய முதல் ஆள், எல்லாம் பெயரோடு வந்தது. கோயில் பதிவேட்டில் இருக்கிறது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விளக்கை அணைத்தார்கள். எல்லோரும் முழங்காலில். இருட்டில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, ஏசாயாவின் வசனம். 'ஜாமக்காரனே, இரவு எவ்வளவு சென்றது?' முன்னாலிருந்து இன்னொரு குரல் நேரம் சொன்னது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேள்வி, மறுபடியும் பதில். நடுவில் யாரோ ஒரு பெண் அழுகிறாள், யாரும் போய்ச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அந்த நேரத்தில்தான் நேற்றுப் பலகையில் படித்த 436 உறைத்தது. கை நடுங்கியது. மூச்சு சரியாக வரவில்லை. எழுந்து வெளியே போகலாம் என்றால் முன்வரிசை. இதற்காகத்தான் கடைசி வரிசையில் உட்காருங்கள், தாங்க முடியாவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியே போய் நிற்கலாம். அப்புறம் மணி அடித்தது. விளக்கு எரிந்தது. அதே ஜனங்கள் துள்ளிக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். துக்க வீடும் கல்யாண வீடும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு சுவிட்ச்தான். எனக்கு அவ்வளவு வேகமாக மாற முடியவில்லை, முழங்காலிலேயே இருந்தேன்.

முடிந்தது என்று சாவியைக் கையில் எடுத்தேன். "எங்கே போறே மகனே, இனிமேல்தானே இருக்கு" என்றார் பெரியம்மா. பக்கத்துக் கூடத்தில் மரத்தரை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து துடைப்பக் கட்டையால் தரையை இடிக்கிறார். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் பதில் பாடுகிறார்கள், கைத்தட்டல் மூன்று விதமாகப் பின்னுகிறது. வெள்ளை உடை போட்ட பெண்கள் வட்டமாக நகர்கிறார்கள். ரிங் ஷவுட் என்பது இதுதான். ஷவுட் என்றால் கத்துவதில்லை, அந்த அசைவுக்குத்தான் பெயர். நாம் கோயிலை வலம் வருகிற திசைக்கு எதிர்த்திசை. காலைக் குறுக்காக வைக்கக் கூடாது. வைத்தால் அது ஆட்டம், பாவம். தேய்த்துத் தேய்த்துத்தான் நகர வேண்டும். 1739இல் அடிமைகள் நடத்திய ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு தென் கரோலினா சட்டம் போட்டு மத்தளத்தைத் தடை செய்தது, அதனால் தரையே மத்தளமானது. இது அழிந்துபோய்விட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்திருக்க, இதே கவுண்டியில் போல்டன் என்ற சின்னக் குடியிருப்பில் விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் 1980இல் குழுவாகி வெளியூர் மேடைகளுக்கும் கொண்டுபோனார்கள். நான் செய்த அடுத்த காரியம் போனை எடுத்து வீடியோ போட்டது. பத்து விநாடி ஆகியிருக்காது, வெள்ளைக் கையுறை ஒன்று திரைக்கு முன்னால் வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கையுறையை நான் மறக்க மாட்டேன். எடுத்ததை அங்கேயே அழித்தேன். நம் வீட்டுச் சாவில் முன்பின் தெரியாத ஒருவன் கேமராவோடு நின்றால் நாம் என்ன செய்வோம்?

சாப்பாடு ராத்திரி இரண்டு மணிக்கு மேல். காராமணியும் சோறும், காலர்ட் கீரை, சோள ரொட்டி, பன்றி இறைச்சி. காராமணி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயறு. புத்தாண்டில் அதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். பசியில்லை என்று சொல்லாதீர்கள், கொஞ்சமாவது சாப்பிடுங்கள். காணிக்கைக்கும் ரொக்கம் வையுங்கள், இரண்டு முறை தட்டு வந்தது, என்னிடம் இருந்ததோ கார்டு. பக்கத்தில் பணம் எடுக்கும் மிஷினும் கிடையாது. பிறகு நண்பர் மூலம்தான் அனுப்பினேன். சாப்பிடும்போது பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் மொழியில் அந்த வார்த்தைக்கு வேறு வாசனை என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஹோவர்ட் தர்மன் என்ற பெரிய பிரசங்கியாரைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருடைய பாட்டி அடிமையாக இருந்தவள், படிக்கத் தெரியாது, பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டாளாம், அன்பைப் பற்றிய ஓர் அதிகாரத்தைத் தவிர. 'வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்' என்ற வசனத்தையே எஜமானின் பாதிரியார் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தாராம். விடுதலை வந்தால், படிக்கக் கற்றால், அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள். "இங்கே எல்லோரும் அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள், உன் மேல் கோபமில்லை, சாப்பிடு" என்றார். நான் விளக்கத்தை அதோடு விட்டேன். விளக்கம் கேட்காதவர்களிடம் விளக்கிக்கொண்டிருப்பதும் ஒருவிதமான தொல்லைதான்.

நாலரை மணிக்குக் கிளம்பினேன். தங்க இடமில்லை, 280 மைல். ஐ-16 நெடுஞ்சாலையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இருபுறமும் பைன் மரம், வளைவே கிடையாது. டப்ளின் ஊருக்குச் சற்று முன்னால் கண் அசந்துவிட்டது. சாலையோரம் எதன் மேலோ ஏறி டயர் வெடித்த சத்தத்தில்தான் விழித்தேன். ஜனவரி 1 காலை, எல்லாம் மூடியிருக்கிறது. இழுத்துப்போக ஆள் வந்து, டயர் மாற்றி, 180 டாலர். 120 டாலர் ரூம் வாடகையை மிச்சம் பிடித்தவன் கதை இது. உயிர் தப்பியதே பெரிது. வாட்ச் நைட்டுக்குப் போகிறவர்கள் அன்றைக்கும் ரூம் போடுங்கள், மறுநாள் மதியம் வரை. வண்டி ஓட்டுவதைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. அழுது தீர்த்த பிறகு நேராக அறைக்குப் போய்ப் படுக்க வேண்டும். முடிந்தால் கூட ஒருவர் வேண்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை. நான் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். நம் சபை வாட்ஸப் குழுவில் அன்று காலை முழுக்க வாக்குத்தத்த அட்டைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பதில் போடக் கை வரவில்லை.

தூங்காத ராத்திரிகளில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர். அங்கே அடிமைமுறையை ஒழித்து அறிவிப்பு வந்தது 1855இல். அமெரிக்கா சட்டத் திருத்தம் கொண்டுவந்த 1865க்குப் பத்து வருஷம் முன்னால்தான். பள்ளியில் வெறும் வருஷமாகப் படித்தது. எங்கள் ஐந்து தலைமுறை கோயில் பதிவேட்டில் பெயரோடு இருக்கிறதென்றால், அதே ஐந்து தலைமுறையாக எங்கள் வயலில் ஏர் பிடித்தவர்கள் யார்? இரண்டாவது வாரக் கடைசியில் அப்பாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டியா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்து முடிந்ததும், நான் சின்னப் பையனாக இருக்கும்போது கிழக்கு வயலில் வேலை செய்த ஒருவர் இருந்தாரே, அவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"யாரு, அந்தப் பொடியனா?" என்றார் அப்பா. அந்த ஆளுக்கு அப்போதே அறுபது வயது இருக்கும். "பேரு நினைவில்ல மக்ளே. நல்ல உயரமா இருப்பான். ஏர் பிடிச்சா கோடு போட்ட மாதிரி இருக்கும்." கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை. அப்புறம், "அது எதுக்கு இப்போ உனக்கு?" என்றார்.